கதை வேட்கை

கதை கேட்க விரும்பாத மக்கட்கூட்டம் இந்நிலவுலகில் யாண்டும் இருந்ததாகக் கேட்டிலேம். எழுத்தறியாத மக்கள் உளர். உழவறியாத மக்கள் உளர். இரும்பையும் உருளையையும் அறியாது பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த மக்களும் உளர். கதையறியாதார் மட்டும் இலர். பசியும் உறக்கமும் போல இவ்வேட்கையும் மனிதரோடு உடன்பிறந்ததெனத் தோன்றுகின்றது. பசி எதற்கென்று எவரும் வினவுவதில்லை, விடை வெளிப்படையாகலின். கதை எதற்கென்று வினவினாலோ, உடனே விடை கூற நம்மிற் பலராலும் இயலாது. அவ்வினாவையே ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களிலே திரௌபதியம்மன் திருவிழா நடைபெறுங் காலத்தைக் கருதுக. பிற்பகலிற் பாரதப் பிரசங்கம், இரவிலே தெருக்கூத்து. பகல் முழுதும் கரும்பு வெட்டியும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் உடல் நைந்த உழவர், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவி மக்களோடு கூத்துக்களத்திற்கு வந்து, மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒலிப்ப, விடியுமளவும் கண்விழித்திருக்கின்றனர். அவர்கள் அறியாத கதையா அது? பாஞ்சாலி கூந்தல் முடிக்கப் போவதையும், துரியோதனன் தொடை முறிந்து வீழப் போவதையும் அங்கே மடியிற் கிடக்கும் சிறுவனும் அறிவான். அறிந்த கதையை அறிந்தவாறே காண்பதற்கு ஓரிரவின் உறக்கத்தை விலையாகக் கொடுக்கின்றனர். மறுநாட் காலையில் வயல் காத்துக் கிடக்கும். வணிகர் கண்கொண்டு நோக்கின் இது நட்டமே.

உயிர்நூல் வல்லார்க்கு இந்நட்டம் ஒரு பெரும் புதிர். டார்வின் பெருமகனார் 1859-இல் தம் நூலை வெளியிட்டது முதல், உயிர்களின் உறுப்பும் இயல்பும் பயன் கருதியே நிலைபெறுகின்றன என்னும் கொள்கை வேரூன்றியது. பயனின்றிப் பொருளையும் பொழுதையும் விழுங்கும் இயல்பு ஒன்று, பல தலைமுறை கடந்து நிலைத்தல் அரிது. நாவுக்கு இனிப்பு ஏன் இனிக்கின்றது? கனியிலும் தேனிலும் உடலுக்கு வேண்டிய ஆற்றல் நிறைந்திருத்தலால், அவற்றை விரும்பிய முன்னோர் பிழைத்தனர், வெறுத்தோர் மெலிந்தனர். ஆதலின் இனிப்பு வேட்கை நமக்குத் தாயமாக வந்தது. இவ்வாறே கதையும் செவிக்கு இனிக்கின்றதாயின், அவ்வினிமைக்குப் பின்னே ஓர் ஊட்டம் இருத்தல் வேண்டும். அஃது யாது?

இதனை இரண்டாகப் பகுத்து நோக்குதல் நலம். நிகழ்ச்சிகளைக் கதையாகக் காணும் திறம் ஒன்று. அவ்வாறு கண்டு மகிழும் இயல்பு மற்றொன்று.

முன்னதற்கு ஒரு சோதனையைக் கூறுவாம். 1944-இல் அமெரிக்க நாட்டில் ஹைடர், ஸிம்மெல் என்னும் உளநூலார் இருவர் சிறியதொரு படத்தை இயற்றினர். அதில் மனிதர் இல்லை, விலங்கும் இல்லை. பெரிய முக்கோணம் ஒன்று, சிறிய முக்கோணம் ஒன்று, வட்டம் ஒன்று, அவை ஒரு செவ்வகத்தின் உள்ளும் புறமும் அசைகின்றன, அவ்வளவே. இதனைக் கல்லூரி மாணவர் 34 பேருக்குக் காட்டி, கண்டதை எழுதுமாறு பணித்தனர். ஒருவரே வடிவங்கள் அசைந்தன என்று எழுதினார். ஏனையோர் அனைவரும் அவற்றை உயிருள்ளனவாகவே கொண்டனர். பெரிய முக்கோணம் முரடனாயிற்று; வட்டம் அஞ்சியொளியும் நங்கையாயிற்று; சிறிய முக்கோணம் அவளைக் காக்கும் காதலனாயிற்று. கோடுகளுக்கும் உள்ளம் கற்பிக்கும் இம்மனத்தை என்னென்பது!

இதன் காரணம் நுணுகி நோக்குவார்க்குப் புலனாகும். மனிதன் கூட்டமாக வாழும் உயிர். அவனுக்குப் பெருந்துணையும் பேரிடரும் பிற மனிதரே. அயலான் முகத்தைக் கண்டு அகத்தை உணர்தல், அவன் நேற்றுச் செய்ததையும் இன்று செய்வதையும் இணைத்து நாளை செய்யப் போவதை முன்னறிதல், இவை உயிர்காக்கும் திறங்கள். புதர் அசைந்தவழி 'காற்று' என்றிருந்து புலிக்கு இரையாதலினும், 'யாரோ இருக்கின்றார்' என்று அஞ்சி ஓடிப் பின் நாணுதல் மேலன்றோ? ஆதலின் நம் மனம் ஐயுறும் இடமெல்லாம் ஒரு கருத்தாவைக் கற்பிக்கும். செய்வோனும் அவன் நோக்கமும் அதனால் விளைந்ததும் ஆகிய மூன்றையும் ஒரு நூலிற் கோப்பதே கதை. அந்நூல் நம் தலைக்குள்ளேயே இருக்கின்றது. கதை சொல்வோன் மணிகளை எடுத்துக் கொடுக்கின்றான்.

நிற்க. இத்திறம் நினைவுக்கும் உற்ற துணையாயிற்று என்பதற்குக் கல்வராயன் மலையினும் சிறந்த சான்று வேண்டா. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாய், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கோமுகி ஆற்றின் பிறப்பிடமாய் நிற்பது இம்மலை. வடபாகம் சின்னக் கல்வராயன்; தென்பாகம் பெரிய கல்வராயன். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப் பெயர் பெறுவர். சேர நாட்டாராகிய மலையாளிகளோடு இவர்களை மயங்குதல் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்தலின் அப்பெயர். இவர்கள் தம் வரலாற்றை ஒரு கதையிற் பொதிந்து வைத்துள்ளனர். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்றும் புறப்பட்டுப் போந்தனர் என்றும், அவர்களுள் உடன்பிறந்தார் மூவர் மூன்று மலைகளை அடைந்தனர் என்றும், அம்மூவர் வழியினரே தாம் என்றும் கூறுப.

1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் துரையின் குலங்களைப் பற்றிய பெருநூலில் இக்கதையின் வேறுபாடுகள் பதிவாகியுள்ளன. ஒரு வழக்கில், மூத்தவன் சேர்வராயன் மலைக்கும், இரண்டாமவன் கொல்லிமலைக்கும், இளையவன் பச்சைமலைக்கும் சென்றனர். மற்றொரு வழக்கில், கரிராமன் என்னுந் தெய்வம் காஞ்சியில் இருக்க மனமின்றி வேறிடம் நாடிற்று. அதன் அடியாராகிய பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவரும் குடும்பத்தோடு பின்தொடர்ந்து, சேலம் நாட்டை அடைந்து பிரிந்தனர். நடுவண்ணன் சென்றது பச்சைமலை. சின்னண்ணன் சென்றது மஞ்சவாடி. அக்கரிராமனுக்குக் கல்வராயன் மலையிலே கோயில் உண்டு.

இவ்விரு வழக்கையும் அருகருகே வைத்து நோக்குக. இடங்கள் மாறின, ஏவல் மாறிற்று, ஒன்றில் தெய்வம் வந்தது, மற்றொன்றில் வரவில்லை. மாறாது நின்றவை எவை? காஞ்சி, மூன்று என்னும் எண், உடன்பிறப்பு, பிரிவு. கேம்பிரிட்ஜ் உளநூலாராகிய பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைத் தம் மாணவர்க்குப் படிக்கக் கொடுத்துப் பன்முறை திரும்ப எழுதச் செய்த வரலாற்றைக் கூறுகின்றார். கேட்டார்க்குப் பழக்கமில்லாதன உதிர்ந்தன அல்லது உருமாறின. காரணகாரியத் தொடர்பு உடையன எஞ்சின. மனித நினைவு ஏட்டுச்சுவடி போன்றதன்று. அஃது எலும்புக்கூட்டை மட்டும் பேணி வைத்துக்கொண்டு, சொல்லுந்தோறும் புதிதாகத் தசை பொருத்துவது. இவ்வெலும்புக்கூடே கதை. எழுத்துப் பெருவழக்காக இல்லாத மலைநாட்டில், 'சேர்வராயனில் இருப்பவனும் பச்சைமலையில் இருப்பவனும் நமக்கு உறவினர்' என்னும் ஒரு செய்தியைப் பல தலைமுறைக்குக் கடத்த வேண்டுமாயின், அதனை அட்டவணையாகச் சொல்லின் ஒரு தலைமுறையும் தாங்காது. மூன்று அண்ணன் தம்பியராகச் சொன்னமையின் குழந்தையும் மறவாது.

சரித்திர உண்மை எவ்வளவு இதில் உண்டென்று வழக்காடுவார் வழக்காடுக. 1976-ஆம் ஆண்டு வரை கல்வராயன் மலைப்பகுதி சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் வழியினர் ஆட்சியில் இருந்தது. அம்மூன்றையும் இம்மூன்றையும் முடிச்சிட விரும்புவாரும் இருக்கலாம். யாம் அதனை வற்புறுத்தோம். மூன்று என்பது கதைகட்கெல்லாம் உவந்த எண். எமக்கு வேண்டுவது பிறிதொன்று: இக்கதை மூன்று மலைமக்களை ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக்கிற்று என்பதே.

இனி மகிழ்ச்சியைப் பற்றிய வினா. கதையாகக் காண்பது பயனுடைத்தாயின், காண்பதோடு அமையாமல் ஏன் விரும்பித் தேடிச் செல்கின்றோம்? அதிலும் பொய்யெனத் தெரிந்த கதையை?

நாய்க்குட்டிகள் ஒன்றையொன்று கடித்துப் புரள்வதைக் கண்டிருப்பீர்கள். அக்கடி பொய்க்கடி. எனினும் மெய்க்கடிக்கு வேண்டிய தசையும் விரைவும் அதனால் வளர்கின்றன. விளையாட்டு இன்பமாக இருத்தலினாலேயே குட்டி பயிற்சியை விடாது செய்கின்றது. பிரயன் பாய்ட் என்னும் அறிஞர் 2009-இல் எழுதிய நூலொன்றில், கலையும் கதையும் மனித மனத்தின் விளையாட்டே என்கின்றார். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடு இழந்தவன் வீட்டில் ஆடு குறைவதில்லை. புலியை வளைக்கும் சூழ்ச்சி மட்டும் அவன் தலையில் ஏறுகின்றது. கதையும் அத்தகையதே. சூதில் நாடிழந்தவன் துயரத்தை, ஒரு காசும் இழவாமல், பாய்மேல் அமர்ந்து பயில்கின்றோம்.

தமிழ்நூலோர் இதனை அறியாதவரல்லர். தொல்காப்பியனார் செய்யுளியலில் உரைநடையின் வகைகளைக் கூறுமிடத்து, நடந்த பொருளைப் பற்றாது புனையப்படுவதனையும், நகையின் ஊடே பொருள் தருவதனையும் தனித்தனி வகையாக எண்ணினார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக் கொண்டு ஓரிடம் சென்று ஒன்று செய்ததாகச் சொல்லும் கதையை எடுத்துக்காட்டினார். யானைக்கும் குருவிக்கும் நட்பில்லை என்பது ஆசிரியர்க்கும் தெரியும், மாணாக்கர்க்கும் தெரியும். பொய்யெனத் தெரிந்தே இலக்கணத்தில் அதற்கு இடமளித்தனர். கதைக்கு இத்துணை இடங்கொடுத்த இலக்கணத்தைக் கற்கும் நம்மவருட் சிலர், கதையைச் சிறுபிள்ளை விஷயமென்று ஒதுக்குவது வியப்பே.

இவ்விடத்து ஒரு தடையை எழுப்புவார் உளர். ஸ்டீவன் பிங்கர் என்னும் உளநூலார் 1997-இல், இசையானது உடலுக்குத் தேவையான உணவன்று, நாவின் இச்சைகளை ஒருங்கே கிளறுவதற்காக மனிதன் சமைத்துக்கொண்ட பலகாரம் போன்றது என்றார். கதைக்குப் பயன் உண்டென்பதை அவரே ஒப்பினார். ஆயினும் அவ்வுவமையைக் கதைக்கும் நீட்டி, 'பிறர் மனத்தை அறியும் திறம் உயிர்காக்கத் தோன்றியது; அத்திறத்தைக் கூச்சங்காட்டிச் சிரிக்க வைப்பதே கதை; அதற்கெனத் தனிப்பயன் ஏதுமில்லை' என்பர் சிலர். வலிய தடையே இது. அல்வா இனிக்கின்றது என்பதனால் அல்வா உண்பதற்கே நாக்குப் படைக்கப்பட்டது என்று முடிவு செய்தல் ஆகாது.

ஆயின் இத்தடைக்கு மறுமொழியை நூலகத்தில் தேடுவதினும், இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் மக்களிடையே தேடுவது சிறப்பு. பாலி வீஸ்னர் என்னும் அம்மையார் ஆப்பிரிக்காவின் கலகாரி நிலத்து ஜூ-ஹோன்ஸி மக்களின் பேச்சுக்களைக் குறித்து வைத்து, 2014-இல் அம்முடிபுகளை வெளியிட்டார். பகற்பேச்சில் பெரும்பகுதி பொருளீட்டலும் குறைகூறலும் வம்பும்; கதை நூற்றுக்கு 6 பங்கே. இரவில் தீயைச் சுற்றி அமர்ந்தபின் நூற்றுக்கு 81 பங்கு கதை! பகலிற் பூசலிட்டவர் இரவிலே ஒரு கதைக்குச் சிரிக்கின்றனர். தொலைவில் உள்ள உறவினரைப் பற்றியும் மணவினைகளைப் பற்றியும் முன்னோரைப் பற்றியும் அப்போதுதான் இளைஞர் கேட்டறிகின்றனர். தீயைக் கையாளக் கற்ற நாள்முதல் மனிதனுக்கு ஒரு நாளில் சில நாழிகை மிகுதியாகக் கிடைத்தன, அந்நாழிகைகள் வேலைக்கு உதவா, கதைக்கே உதவின. சாமையும் தினையும் விளைந்த மலைக்காட்டில் இரவுக் காவலிருந்தார் கதை சொன்னமைக்கும் காரணம் இதுவே போலும்.

இதனினும் அழுத்தமான சான்று பிலிப்பைன் தீவுகளினின்றும் கிடைத்துள்ளது. அங்கு வாழும் அக்டா என்னும் வேட்டை மக்களை ஆராய்ந்து டேனியல் ஸ்மித் முதலானோர் 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அம்மக்கள் கூறும் கதைகளுள் ஒன்று: ஞாயிறு ஆண், திங்கள் பெண், வானத்துக்கு ஒளி தருபவர் யார் என்று இருவரும் பொருதனர், திங்களும் வலிமையிற் குறைந்தவளல்லள் என்று தெரிந்தபின், பகல் ஒருவர்க்கும் இரவு ஒருவர்க்குமாகப் பகிர்ந்துகொண்டனர். கதை சிறிதே, ஆயினும் ஒப்புரவு என்னும் ஒழுக்கம் முழுதும் அதில் அடங்கியிருக்கின்றது. ஆராய்ந்தோர் ஒவ்வொருவர்க்கும் அரிசி கிடைப்பதாக வகுத்து, எவ்வளவு தமக்கு, எவ்வளவு பிறர்க்கு என்று பங்கிடச் செய்தனர். கதை வல்லார் மிகுந்த குடியிருப்புக்களில் மக்கள் பிறர்க்கு மிகுதியாகக் கொடுத்தனர். யாரோடு சேர்ந்து வாழ விரும்புகின்றீர் என்று வினவியபோது, கதை வல்லாரை ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்கு விரும்பினர். மீன்பிடித் திறத்தினும் கதைத்திறமே மேலாக மதிக்கப்பட்டது. கதை வல்லார்க்குப் பிள்ளைச்செல்வமும் சற்றே மிகுதி. உயிர்நூற் கணக்கில் இறுதியாகக் கூறியதே பெரிய வரவு. அல்வா என்று தள்ளியவர் இக்கணக்கைப் பார்க்கக் கடவர். ஒரே ஓர் இனத்தில் கண்டது உலகுக்கெல்லாம் சான்றாகிவிடாது என்பது மெய்யே. எனினும் எதிர்த்தட்டில் வைப்பதற்கு இதனை ஒத்த எடை எம் கண்ணிற் படவில்லை.

ஆகவே, கதையின் ஊட்டம் இன்னதென ஒருவாறு தெளியலாம். கூடிவாழும் முறையை அது எல்லார் மனத்திலும் ஒருங்கே நாட்டுகின்றது. முறை இன்னது என்று எனக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரிதல் வேண்டும். ஊர் முழுதும் ஒரு பந்தலில் அமர்ந்து ஒரு கதையைக் கேட்கும்போது இவ்விரண்டும் ஒருசேர நிறைவேறுகின்றன. உழவர் அறிந்த கதையை மீண்டும் கேட்பதேன் என்று முன்னர் வினவினோமே, அதற்கு விடை இதுவென்க. புதுச்செய்தி வேண்டி அவர் வரவில்லை. அயலாரும் அதனை அறிந்திருக்கின்றனர் என்பதைக் காணவே வருகின்றார்.

அற்றேல் கதையென்பது எச்சரிக்கைக் குறிப்பும் நடத்தை விதியும்தானோ? அவ்வளவிற் சுருக்குதல் தகாது என்பதற்குத் திருக்கோவலூரே சான்று. இவ்வூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. கதைச் செல்வத்தில் இதனோடு ஒப்பான ஊர் தமிழ்நாட்டிற் சிலவே. சேக்கிழார் பாடிய மெய்ப்பொருள் நாயனார் இவ்வூரில் இருந்து ஆண்டவர். போரில் அவரை வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறும் சடைமுடியும் பூண்டு, சுவடிக்கட்டில் உடைவாளை மறைத்து, அரண்மனையுட் புகுந்து அவரைக் குத்தினான். வேடத்தை நம்பாதே என்பது மட்டும் கதையின் கருத்தாயின், இதனோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காவலனாகிய தத்தன் பகைவனை வெட்ட ஓங்கியபோது, வீழ்கின்ற அரசரே தடுத்து, அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடுமாறு பணித்து, அச்செய்தி வருமளவும் உயிர் தாங்கியிருந்தார். உயிர்காக்கும் கணக்கினால் நோக்கின் இவ்வரசர் தோற்றவர். கேட்டார் உள்ளத்தில் வென்றவர் அவரே. சொன்ன சொல்லுக்கும் பூண்ட கொள்கைக்கும் உயிரையும் விலையாகத் தருவார் ஒருவர் உண்டென்று நம்புகின்ற ஊரிலேதான், ஒருவரையொருவர் நம்பிக் கடன் கொடுக்கவும், பெண் கொடுக்கவும், எல்லைக் கல்லின்றி உழவும் கூடும்.

இவ்வூர்ப் பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை உண்டு, கபிலக்கல் என்பர். பாரி மாய்ந்தபின் அவன் மகளிர்க்கு வாழ்வு தேடித் தந்த கபிலர், நண்பனைப் பிரிந்திருக்க ஆற்றாது இங்கு உயிர் துறந்தார் என்பது வழக்கு. வடக்கிருந்தார் என்பர் ஒருசாரார். தீப்புகுந்தார் என்பர் மற்றொருசாரார். முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு (அவன் ஆட்சி 985 முதல் 1014 வரை) இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ளது. அது தீப்புகுந்தார் என்றே கூறுகின்றது. மலையாளிகளின் கதையிற் கண்டதே ஈண்டும் காண்கின்றோம். இறந்த முறை மாறிற்று. நண்பன் பொருட்டு இறந்தான் என்பது மாறவில்லை.

இனி, இம்மாவட்டத்திலேயே உள்ள கூவாகத்திற்கு வருவோம். அழுவதற்காக மக்கள் திரளும் இடம் இது. கதையின் வலிமையை இதனினும் வெளிப்படையாகக் காட்டும் ஊர் உலகிலேயே அரிது என்பது எம் துணிபு. சம்ஸ்கிருத பாரதத்தில் அருச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த அரவான், எட்டாம் நாட் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மடிகின்றான்; பெரும்போரில் ஒரு சிறு நிகழ்ச்சி. தமிழகத்தில் அக்கதை வேறு வழியில் வளர்ந்தது. பாண்டவர் வெற்றிக்காக அவன் களப்பலியானான் என்னும் செய்தியைப் பெருந்தேவனாரின் பாரத வெண்பா காட்டும், வில்லிபுத்தூராரும் பாடினர். நாட்டுமக்கள் அதனோடும் அமையவில்லை. மணமாகாமல் மடியக்கூடாதென்று அரவான் வேண்டினான்; மறுநாள் கைம்பெண்ணாவதற்கு எவரும் முன்வரவில்லை; கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியானான்; விடிந்தபின் அழுதான். இவ்வாறு புனைந்தனர்.

ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் பல்லாயிரந் திருநங்கையர் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்கு வந்து, பூசாரியார் கையால் தாலி பூணுகின்றனர். மறுநாள் அரவான் பலியானபின், வளையல் உடைத்துத் தாலியறுத்து வெள்ளையுடுத்து அரற்றுகின்றனர். அக்கம்பக்கத்து ஊர்களின் ஆடவருட் சிலரும் நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்வது உண்டு. அரவான் கதையிலுள்ளவன் என்பதை அங்கே அழுவோர் அறியாரல்லர். ஆயினும் கண்ணீர் மெய்க் கண்ணீர். தொல்காப்பியனார் அழுகைக்கு நிலைக்களனாகக் கூறிய நான்கனுள் இழவும் ஒன்று. கதையில் இழந்தாலும் அழுகை வரும் என்பதனை மெய்ப்பாட்டியலார் என்றோ உணர்ந்திருந்தனர்.

துயரக்கதையை ஏன் நாடுகின்றோம் என்பதற்கு 2016-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டன்பார் முதலானோர் ஒரு விடை கண்டனர். உருக்கமான துயரப்படத்தைக் கூடியிருந்து கண்டவர்க்கு, வறண்ட செய்திப்படம் கண்டவரினும் வலி தாங்கும் ஆற்றல் கூடிற்று. உடனிருந்தாரோடு நெருக்கமும் கூடிற்று. நோவைத் தணிப்பதற்காக உடலே சுரக்கும் பொருள், கதையில் நேர்ந்த நோவுக்கும் சுரக்கின்றது என்பது அவர் கருத்து. சேர்ந்து அழுதார் சேர்ந்தே இருப்பர். வீட்டினின்றும் துரத்தப்பட்டவர் பலர் கூடும் கூவாகத்தில் இதன் பொருள் எத்துணை ஆழமானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஈண்டு மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. கதை மக்களைச் சேர்ப்பது போலவே பிரிக்கவும் வல்லது. 1871-இல் அன்றைய அரசாங்கம் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், சில குலத்தார் பிறவியிலேயே திருடர் என்றொரு கதையைச் சட்டமாக்கிற்று. அச்சட்டத்தின் ஒரு பகுதி வடநாட்டுத் திருநங்கையரையும் ஐயத்திற்குரியவராகப் பதிவேட்டில் ஏற்றுமாறு விதித்தது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றுத் தீர்ப்பளித்தபோது, அத்தீர்ப்பில் அரவான் கதையும் எடுத்துரைக்கப்பட்டது. ஒரு கதை இழிவுபடுத்திற்று. மற்றொரு கதை சான்றாக நின்றது. இரண்டுக்கும் அடிப்படை மனத்திறம் ஒன்றே. முக்கோணத்தை முரடனாக்கிய கண், முகமறியாத அயலானையும் முரடனாக்கும். இக்காலத்துக் கைப்பேசியின் வாயிலாக ஒரு நொடியில் ஊர் முழுதும் பரவும் வதந்தியும் இக்கண்ணின் பிழையே.

இதனால் கதையை அஞ்சி விலக்குதல் கூடுமோ? கூடாது, விலக்கினாரும் இலர். ஆளுவோர் தவற்றை அவர் செவிக்கு ஏற்றவும் கதையே கருவியாயிற்று. விவிலியத்தில் நாத்தான் என்னும் தீர்க்கதரிசி, பிறன் மனைவியைக் கவர்ந்த தாவீது அரசனிடம் சென்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையைச் சொன்னான். அரசன் கொதித்தெழுந்து செல்வனுக்குத் தண்டனை கூறிய பின்னரே, அச்செல்வன் தானே என்பதை அறிந்தான். நேரே சொல்லியிருப்பின் நாத்தான் தலை தப்பியிருக்குமோ, அறியோம். நம் கூத்தில் இவ்வேலையைச் செய்பவன் கட்டியங்காரன். அரசனுக்குக் கட்டியங் கூறுகின்ற வாயினாலேயே அவனை நையாண்டி செய்வான். அஃது எந்நாட்டு அரசனைக் குறித்தது, எவ்வூர்ப் பெரிய மனிதரைக் குறித்தது என்பது கூட்டத்தாருக்குத் தெரியும். பெரிய மனிதருக்கும் தெரியும். அவரும் சிரித்தாக வேண்டும்.

கதையின் பழமை எத்துணைத்து? பேச்சுக்கு எலும்பில்லை, மண்ணிற் புதைந்து கிடைப்பதில்லை. ஓவியமே துணை. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக் குகையொன்றில் காட்டுப்பன்றி ஒன்றும் அதனைச் சூழ்ந்து மனித வடிவங்கள் மூன்றும் தீட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் வயது குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024-இல் கணித்தனர். தனி உருவமன்று, ஒரு நிகழ்ச்சி. நமக்கு அண்மையில் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளிலும் செந்நிறத்து மனித உருவங்கள் உள்ளன. சுலாவெசியளவு பழமையன அல்ல எனினும், விடுமுறையில் ஒரு நாள் சென்று காணத்தக்கன.

நம் கல்லூரித் தமிழ் மாணவர்க்கு அதனினும் பயனுள்ள விடுமுறை வேலை ஒன்றுண்டு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் கதை நூலிற் பதிவாகி நூறாண்டு கடந்துவிட்டது. அதனைச் சேர்வராயனிலும் கொல்லியிலும் பச்சைமலையிலும் கல்வராயனிலும் தனித்தனியே கேட்டு, சொன்னவர் சொன்னவாறே எழுதி, ஒப்பு நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு மலையாரும் தம் மலைக்கு வந்தவனையே மூத்தவன் என்கின்றனரா, அன்றி மூத்தவன் எல்லார் வாயிலும் ஒருவன்தானா? தெய்வம் முன்னே சென்று மக்கள் பின்தொடர்ந்தனரா, மக்களே தெய்வத்தைச் சுமந்து சென்றனரா? மலைமேலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயிலும் சிறுவர், பாட்டியரை விட்டு மாதக்கணக்கிற் பிரிந்திருப்பவர்; அவர்களிடமும் கேட்டல் வேண்டும். பாட்டி கூறியதற்கும் பேரன் கூறியதற்கும் இடையே எவை உதிர்ந்தன, எவை எஞ்சின என்பதைக் குறித்தால், பார்ட்லெட் தம் அறையில் இருந்து செய்த சோதனையை மலையே நமக்குச் செய்து வைத்திருக்கக் காண்போம்.